செல்லடி

எங்கள் காணி வளவுக்கு மேலே அந்தச் செல் நிற்பதை முதலில் கண்டது ஜெசிந்தா அக்கா. அதுவும் தேடிக் கண்டதில்லை. கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் ஒருநாளும் மேலே பார்ப்பதில்லை, நூல் கட்டி, முழங்காலில் குந்தி, விறாண்டியால் மண்ணைக் கீறிக் கீறி ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முன்னேறுகிறவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல அவவின் முகக்கவசத்தில் ஒரு காய்ந்த புல் வந்து விழுந்தது, தட்டிவிட்டா, இன்னொன்று விழுந்தது, அதையும் தட்டிவிட்டா, மூன்றாவதும் விழ, எரிச்சலில் அண்ணாந்து பார்த்தா, ஒரு பனையின் உயரத்தில், மூக்குக் கீழாக, வால் மேலாக, ஒரு செல் ஆகாயத்தில் நின்றது. அதன் வால் தகட்டில் தூக்கணாங்குருவிகள் மூன்று கூடு கட்டியிருந்தன.

செல் என்றால் தூரத்தில் இருந்து குழாயில் போட்டு வானத்தால் அனுப்புகிற குண்டு. புத்தகத்தில் எறிகணை என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருத்தரும் ஓடினதில்லை.

கொளுவி நிற்க அங்கே மரம் இல்லை, கயிறு இல்லை, கம்பி இல்லை. சும்மா நின்றது.

"ஐயா, மேல ஒண்டு கிடக்கு," என்று ஜெசிந்தா அக்கா தங்கள் பொறுப்பாளருக்குச் சொன்னா.

"மேல கிடக்கிறது எங்கட வேலை இல்லை," என்றார் அவர். "கீழ பார்."

சண்டை முடிந்து பதினாறு வருசமாய் இதை ஒருத்தரும் காணவில்லையா என்று வெளியூர்ச் சனம் இப்போதும் கேட்கிறது. காணவில்லை. அந்த வளவைச் சுற்றி மண்டையோடு கீறின சிவப்புப் பலகை நட்டிருந்தது, உள்ளே போக ஏலாது, வெளியே நின்று பார்க்கலாம்தான், ஆனால் எங்கள் கூழாவெளிச் சனம் நிலத்தைப் பார்த்து நடக்கிற சனம், காலை எங்கே வைக்கிறோம், அடுத்த காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே குனிந்து போய்விட்டது, மழை வருமா என்று அறியக்கூடக் குட்டைத் தண்ணீரில் தெரிகிற வானத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் எங்கள் தகரக் கொட்டில், அந்தப் பக்கம் எங்கள் சொந்த வளவு. ஒவ்வொரு நாளும் காலையில் பல்லு விளக்கிக்கொண்டு அந்த வளவைப் பார்ப்பேன். மேலே பார்த்ததில்லை.

பிறகு வேறு அரசாங்கக் கந்தோர்களில் இருந்து ஆக்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு படிவம் இருந்தது, எடுத்த வெடிபொருள் எத்தனை அங்குல ஆழத்தில் கிடந்தது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது, உயரம் என்று கட்டம் இல்லை. ஒரு இளம் அலுவலர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆழம் கழித்தல் முப்பது அடி என்று எழுதினார், அவருக்கு மேலே இருந்தவர் அதை வெட்டினார். வெடிக்க வைக்கலாமா என்றால் சிதறல் ஊர் முழுக்கப் பாயும். இறக்கலாமா என்றால் அது ஒன்றிலும் தொங்கவில்லை, தொங்காத ஒன்றை எப்படி அவிழ்ப்பது. மூங்கில் தடியைக் கட்டிக் கட்டி நீட்டிக் கொண்டுபோய், தட்டுவோமா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, தட்டாமல் கீழே வைத்தார்கள். பிறகு வளவின் நடுவில் ஒரு பலகையை நட்டு, ஆபத்து என்று எழுதி, மேல்நோக்கி ஒரு அம்புக்குறி கீறிவிட்டுப் போனார்கள்.

முதல் கிழமை, ஏழு நாளும், ஊர் முழுக்க வந்து பார்த்தது. ஊர்க் கிணற்றடி, வேலி, மதகு என்று நின்ற இடத்தில் எல்லாம் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பழக்கமில்லாத கழுத்து, நொந்தது. இரண்டாம் கிழமை, எந்தப் பக்கம் அடித்த செல் இது என்று மதகில் இருந்து ஒரு வாக்குவாதம் தொடங்கி, கைகலப்புக்குக் கிட்ட வந்து, அது நேர் கீழாக நிற்பதால் எந்தத் திசையால் வந்தது என்று ஒருத்தருக்கும் சொல்ல ஏலாமல் போய் முடிந்தது. நல்லதாய்ப் போச்சு. மூன்றாம் கிழமை, அதற்குக் கீழே ஒரு சூலத்தை நட்டுச் செல்வைரவர் என்று கும்பிடுவோம் என்று சிலர் சொல்ல, கோயில் ஐயர், நிலத்தில் இருக்கிற சாமிக்குத்தான் தனக்கு மந்திரம் தெரியும், இன்னும் வந்து சேராத சாமிக்குத் தெரியாது என்றார். மத்தியானத்தில் அதன் நிழல் ஒரு புடலங்காய் அளவுக்கு மண்ணில் விழும். அதை ஆடுகள் மிதிக்கும். ஆக்கள் மிதிக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் இடங்களுக்குப் பெயர் வைக்கிறது லேசு. புளி நின்றால் புளியடி, நாவல் நின்றால் நாவலடி. ஒரு மாதத்துக்குள் பஸ் கொண்டக்டர் "செல்லடி, செல்லடி இறங்கிறாக்கள்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். ஜெசிந்தா அக்கா அதை எனக்குச் சொல்லிச் சிரித்தா.

"பஸ்காரனும் உன்னைத்தான் சொல்றான் கம்சி. செல்லடி, செல்லடியாம். நீ எப்ப செல்லப் போறாய்?"

"எங்க செல்ல? அம்மாவை ஆர் பாக்கிறது?" என்றேன்.

என் பெயர் கம்சிகா. ஓ.எல். சோதனை எழுதி, கணக்கில் பெயில், திரும்ப எழுதச் சொன்னார்கள், நான் போகவில்லை. கணக்கு எனக்கு ஓடாது என்றில்லை. எண் கேட்டாலே எனக்குக் காது புளிக்கும். ஏனென்றால் பிறந்ததில் இருந்து நான் கேட்டது எல்லாம் எண்தான்.

என் அம்மா எண்ணுகிறவ. அவவின் பெயர் தவமலர், ஊர் அவவை எண்ணுகிற தவம் என்று சொல்லும், முகத்துக்கு முன்னால் தவம் என்றும் முதுகுக்குப் பின்னால் விசரி, பைத்தியக்காரி என்றும் சொல்லும். விடிய அடுப்பு மூட்டும்போது எண்ணுவா, தேங்காய் துருவும்போது எண்ணுவா, அரசாங்கக் கச்சேரியில் வரிசையில் நின்றால் அங்கேயும் எண்ணுவா, பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் இலக்கத்தை மறந்து போவார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு எண். ஆயிரம் வந்தால் ஒரு விரலை மடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. கதைக்க வேண்டி வந்தால் வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்குகிற மாதிரி எண்ணை ஒதுக்கிவிட்டு, அந்த இடைவெளிக்குள் ஒரு சொல்லைச் செருகுவா. "இருநூத்திப் பதினொண்டு, சோறு, இருநூத்திப் பன்னிரண்டு, போட்டிருக்கு, இருநூத்திப் பதிமூண்டு, தின்." எனக்குப் பேச்சு வந்த காலத்தில் சோற்றுக்கு முன்னும் பின்னும் எண் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் எண் இல்லாமல் கதைத்ததைக் கேட்டு, அவர்களுக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அம்மா என்னோடு ஒரு முழு வசனம் கதைக்க வேண்டும். நடுவில் எண் இல்லாமல்.

ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டா. மனநல டொக்டர் கேட்டார், கிராம சேவகர் கேட்டார், படம் பிடிக்க வந்த வெளிநாட்டுக்காரி கேட்டாள். அம்மா அவர்களைப் பார்த்து நானூற்று ஐந்து, நானூற்று ஆறு என்றா.

செல்லையும் அம்மாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டது கடைக்காரத் திலகவதி மாமிதான். செல் கண்டுபிடித்து ஐந்தாம் கிழமை, கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சனம் செல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, மாமி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டா.

"அது குத்தினதை நான் கேட்டனான்," என்றா.

"ஆயிரம் குத்தினது. எதைக் கேட்டனி?" என்றார் அருமைநாயகம். அவர் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், எந்தக் கதையையும் கூட்டமாக்கிவிடுவார்.

"இதை. அந்த வளவுப் பங்கர்க் குழிக்குள்ள நாங்கள் ஆறு பேர் பதுங்கி இருந்தனாங்கள். இவள் தவத்துக்கு வயித்தில ஆறு மாசம். குத்தின சத்தம் கேட்டுது. இவள் எண்ணத் தொடங்கினவள்."

அதில் புதுமை இல்லை. அந்த நாளில் தூரத்தில் செல் குத்துகிற சத்தம், குழாயை விட்டுக் கிளம்புகிற சத்தம், கேட்டால் எல்லோரும் எண்ணுவார்கள், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் விழும், விழுந்தால் நிப்பாட்டிவிட்டு எழும்புவார்கள், அடுத்தது குத்தினால் அடுத்த எண். சின்னப் பிள்ளைகள் எண்ணப் பழகினதே அப்படித்தான், பன்னிரண்டுக்கு மேலே தெரியாத பிள்ளைகள் அந்த நாளில் கனபேர்.

"என்னெண்டு தொடங்கினவள் தெரியுமோ?" என்றா மாமி. "ஒண்டு எண்டு தொடங்கேல்ல. லாபம் எண்டு தொடங்கினவள்."

எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வது, லாபம், இரண்டு, மூன்று என்று போகும். அம்மாவின் வீட்டுக் களத்தில் எண்ணுகிறது அம்மாதான். மரைக்காலால் அள்ளிச் சாக்கில் கொட்டக் கூலிக்கு வந்தவர் என் அப்பா. அவர் கொட்ட, இவ எண்ண, இரண்டு போகம் அப்படிப் போய், மூன்றாம் போகத்தில் கலியாணம் கட்டினார்கள். அதனால் செல் குத்தினதும் அம்மாவின் வாய் களத்து வழக்கத்தில் போய்விட்டது.

"சாவு வாற நேரத்தில என்னடி லாபம் எண்டு நான் ஏசினனான். அவள் கேக்கேல்ல. பன்னிரண்டு தாண்டிச்சு. இருவது தாண்டிச்சு. அம்பது தாண்டிச்சு. விழேல்ல. நாங்கள் எழும்பி ஓடிட்டம். இவளை இழுத்துக்கொண்டுதான் ஓடினது. ஓடேக்கையும் எண்ணினவள். அவள் இன்னும் நிப்பாட்டேல்ல, பாருங்கோ."

அருமைநாயகம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எண்ணி முடியாத நெல்லை ஒருத்தரும் சாக்கில கட்டுறேல்ல," என்றார் மெல்ல. "எண்ணி முடியாத செல்லும் விழாது."

அவ்வளவுதான். அடுத்த நாளில் இருந்து என் அம்மா விசரி இல்லை.

காலையில் வாசலில் முட்டை இருந்தது. தேன் போத்தல், இஞ்சி, மல்லித் தண்ணி, பனங்கற்கண்டு. அம்மாவைக் கண்டால் வேலியை மாறிப் போன பெண்டுகள் வந்து, "தங்கச்சி, தொண்டை நோகுதோ?" என்று கேட்டார்கள். சங்கத்தால் ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது, அதைச் செல் தெரிகிற மாதிரி எங்கள் கொட்டில் வேலியோடு போட்டு, மேலே ஓலையால் ஒரு பந்தல் இறக்கி, அம்மாவைக் கொண்டுவந்து இருத்தினார்கள், சமைக்க விடவில்லை, தண்ணி அள்ள விடவில்லை, ஒன்றும் செய்ய வேண்டாம், எண்ணினால் போதும் என்றார்கள். பக்கத்தில் முறை வைத்து ஆள் இருந்தது, அம்மா கண் சொருகினால் மெல்லத் தோளில் தட்டும். கலியாணம் வைக்கிறவர்கள் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்தார்கள். காணி பிரிக்கிறவர்கள் பிரித்தார்கள், வீட்டுத்திட்டத்துக்குக் கல்லு இறக்கினார்கள், தலைக்கு மேலே செல் நிற்கிற ஊரில் பயமில்லாமல் ஓடு போட்டார்கள். இருமல் வந்து அம்மா ஒருநாள் தடுமாற, மூன்று வீட்டில் உலை இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள்.

அவர்களுக்கு அது பக்தி. எனக்கு என்ன ஆனது என்றால், முன்னம் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் எனக்கு ஒரு சொல் வரும். இப்போது அதுவும் இல்லை. அம்மா சோறு என்று சொல்ல வாயெடுத்தால், பக்கத்தில் இருக்கிற பெண்டு, "அக்கா, கதைச்சு வீணாக்காதையுங்கோ, பிள்ளைக்கு நான் போடுறன்" என்று என்னை இழுத்துக்கொண்டு போவா. நான் போகும்போது திரும்பிப் பார்ப்பேன், அம்மாவின் கண் என் பின்னால் வரும், வாய் வராது.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், எனக்கு உண்மை தெரியும். பதினாறு வருசம் அவவின் பக்கத்தில் படுத்தவள் நான். நித்திரையிலும் எண்ணுவா, சரிதான், ஆனால் விடியப்புறத்தில் ஆழ்ந்து போனால் பத்து, இருபது, ஒருநாள் அறுபதுவரைக்கும் விடுபடும். விழித்தால் விட்ட இடத்தில் இருந்து பிடிப்பா. செல் அதற்கெல்லாம் அசையவில்லை. இதை அருமைநாயகத்திடம் சொல்லப் போனேன். அவர் சங்கக் கட்டடத்தில் பொங்கலுக்குக் கோலப்போட்டி பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

"மாமா, அம்மா இடைக்கிடை விடுறவ. செல் விழேல்ல. அது அவ எண்ணுறதால நிக்கேல்ல."

"மனசுக்குள்ள எண்ணியிருப்பா பிள்ளை."

"நித்திரையில என்ன மனசு?"

"நித்திரையிலதான் மனசு," என்றார் அவர்.

"அப்ப நீங்களும் எண்ணலாம்தானே. முறை வைச்சு எண்ணுங்கோவன். ஊரில முன்னூறு பேர் இருக்கிறியள்."

அவர் பேனையை மூடினார். "லாபம் எண்டு தொடங்கின வாய் ஒண்டு. அதை நாங்கள் வாங்கேலாது. வாங்கிறதெண்டால் இரத்தத்தில வாங்கவேணும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கணக்கு எப்பிடி?"

"பெயில்."

"எண்ணத் தெரியும்தானே," என்றார்.

தை மாதக் கடைசியில் அம்மாவின் தொண்டையில் இருந்து இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வாயைத் திறக்கக்கூடாது என்று எழுதித் தந்தார்கள், அந்தத் துண்டுத் தாளை அம்மா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்நூற்று எண்பத்திரண்டு என்றா, சத்தம் வரவில்லை, காற்று வந்தது. ஊர் கலங்கிப் போனது. உதட்டை அசைத்தால் கணக்கில் வருமா வராதா என்று கடை வாசலில் இரண்டு கட்சி. வராது என்ற கட்சி பெரிதாகி, வெள்ளிக்கிழமை காலமை ஒன்பதரைக்கு நல்ல நேரம் என்று பஞ்சாங்கம் பார்த்து, எண்ணிக்கையை எனக்கு மாற்றுவதாய் முடிவெடுத்துவிட்டு, எனக்கு வியாழக்கிழமை பின்னேரம் வந்து சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பந்தலுக்குள் பாய் விரித்து, கும்பம் வைத்து, மாவிலை வைத்து, எனக்கு ஒரு புதுச் சட்டையும் வாங்கி வைத்திருந்தார்கள், சட்டை பெருத்தது. ஊர் முழுக்க வந்து நின்றது. ஜெசிந்தா அக்காவும் வேலை உடுப்போடு வந்து வேலியில் சாய்ந்து நின்றா.

"அடியே, வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லு," என்றா எனக்கு மட்டும் கேட்க.

"சொன்னால்?"

"உன்னை ஏசுவினம். ஏச்சுக்கு ஆர் செத்தது?"

"செல் விழுந்தால்?"

அவ அண்ணாந்து பார்த்தா. இப்போது எங்கள் ஊரில் எல்லோருக்கும் அண்ணாந்து பார்க்கத் தெரியும். "அது எனக்குத் தெரியாது," என்றா. "நான் கீழ கிடக்கிறது மட்டும்தான் படிச்சனான்."

அம்மாவைக் கதிரையில் இருந்து எழும்ப விடாமல், என்னை அவவுக்கு நேரே பாயில் இருத்தினார்கள். அருமைநாயகம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. "தாயின்ர உதட்டைப் பார். அவ விட, நீ பிடி. இடைவெளி வரக்கூடாது."

அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். அறுநூற்று நாற்பது என்று அசைந்தது.

"அறுநூத்தி நாப்பத்தொண்டு," என்றேன்.

சனத்திடம் இருந்து ஒரு பெருமூச்சு வந்தது, உமி பறக்கிற மாதிரி. நான் போனேன். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. இது லேசு, யோசிக்க ஒன்றும் இல்லை, கால் தானாய் நடக்கிற மாதிரி வாய் தானாய் நடக்கும், அதுதான் பயமாய் இருந்தது, இப்படியே எனக்கு முப்பது வயது வரும், நாற்பது வரும், பந்தலுக்கு மேலே ஓலை மாற்றுவார்கள், முட்டையும் தேனும் கொண்டுவருவார்கள், எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதனிடம் சோறு என்று சொல்ல எனக்கு இடைவெளி கிடைக்காது. அம்மாவின் உதடு நிற்கவில்லை. மாற்றிக் கொடுத்த பிறகும் என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருந்தது.

எழுநூறு தாண்டினதும், அம்மா செய்கிற மாதிரியே எண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சொல்லைச் செருகினேன்.

"எழுநூத்தி ஒம்பது, அம்மா, எழுநூத்திப் பத்து, நிப்பாட்டட்டோ, எழுநூத்திப் பதினொண்டு."

அருமைநாயகம் "பிள்ளை" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மா தலையை இல்லை என்று ஆட்டினா.

"ஏன், எழுநூத்திப் பன்னிரண்டு, செல் விழுமெண்டோ, எழுநூத்திப் பதிமூண்டு?"

அம்மா மேலே பார்க்கவேயில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பந்தலில் இருத்தின நாளில் இருந்து அவ ஒருநாளும் செல்லைப் பார்த்ததில்லை. வளவுக்குள், பற்றைக்குப் பின்னால், கட்டு உடைந்த கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. காற்றுக் குரலில், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில், துண்டு துண்டாய்ச் சொன்னா. நான் எண்ணை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் சேர்த்துப் பார்த்தேன். கொப்பர் தண்ணி அள்ளப் போனவர். பங்கருக்குள்ள தண்ணி முடிஞ்சுது. போய் வாளியைத் தூக்கினவர், நான் பார்த்துக்கொண்டு இருந்தனான், குத்திச்சுது. விழ முன்னம் வந்திடுவார் எண்டு எண்ணினனான். இன்னும் விழேல்லைத்தானே.

சனம் அதைக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

அன்று ஓடினதில் இருந்து அப்பாவை ஒருத்தரும் காணவில்லை. பங்கர் இருந்த பள்ளத்தில் இருந்து கிணற்றடிக்கு நாற்பது காலடி இருக்கும். அந்த நாற்பது காலடியை நடந்து முடிக்க அம்மா அவருக்குப் பதினாறு வருசம் கொடுத்திருந்தா. செல் விழுந்தால் அவர் வரவில்லை என்று ஆகிவிடும். விழாத வரைக்கும் வந்துகொண்டிருக்கிறார். ஊர் உயிருக்குப் பயந்து எண்ண வைத்தது, அம்மா அதற்கு எண்ணவேயில்லை, எங்கள் எல்லோரையும்விடச் செல்லை அவ நம்பியிருந்தா. எனக்குக் கோபம் வந்தது. ஆரில் என்று தெரியவில்லை. அப்பாவில் என்று வைத்துக்கொள்ளலாம், படத்தில்கூட நான் காணாத ஆள், வாளியும் கையுமாய் நின்றுகொண்டு என் வீட்டில் ஒரு வசனத்தை முடிக்க விடாமல் வைத்திருந்த ஆள்.

எண்ணூறு போனது. எண்ணூற்று ஐம்பது போனது. என் வாய் அது பாட்டில் நடந்துகொண்டிருந்தது.

"எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டு," என்றேன். "எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது."

பிறகு வாயை மூடினேன்.

ஒரு மூச்சு போனது. முதலில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. இந்த இடத்தில் தடக்கி விழாத பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை, ஒன்பது நூறு என்று சொல்லிப் பிரம்படி வாங்கின வாய்கள்தான் அங்கே நின்றதெல்லாம்.

"தொள்ளாயிரம்," என்று திலகவதி மாமி எடுத்துக் கொடுத்தா. "தொள்ளாயிரம், பிள்ளை."

"தொள்ளாயிரம் எண்டு சொல்லு, கெதியா."

"இதுக்குத்தான் பள்ளிக்கூடத்தை விடாத எண்டது."

"எனக்குத் தெரியும்," என்றேன். "சொல்லமாட்டன்."

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். விடியப்புறத்தில் அறுபது விட்டும் விழாதது இப்போது விழாது என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரிகிறது வேறு, காலமை ஒன்பதே முக்காலுக்கு முன்னூறு பேருக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது வேறு.

அப்போது சனம் விழுந்தது. ஒருத்தரும் கத்தவில்லை, ஒருத்தரும் ஓடவில்லை, ஓட நேரமில்லை என்று அந்த உடம்புகளுக்குத் தெரியும். அறுவடையில் கதிர் சாய்கிற மாதிரி வரிசையாய்ச் சாய்ந்தார்கள். அருமைநாயகம் வெள்ளை வேட்டியோடு மண்ணில் குப்புறக் கிடந்தார், மாமி கடைச் சாவிக் கொத்தை வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு கிடந்தா, எல்லோரும் இரண்டு காதையும் பொத்தி, வாயை ஆவென்று திறந்துகொண்டு, செல் விழும்போது வாய் மூடியிருந்தால் காது வெடிக்கும், அதற்காக. சண்டைக்குப் பிறகு பிறந்து ஒரு செல் சத்தத்தையும் கேட்டிராத பிள்ளைகளும் அப்படியே, காதைப் பொத்தி, வாயைத் திறந்து, பிழையில்லாமல் கிடந்தார்கள். அதை அவர்களுக்கு ஆர் பழக்கினது என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தா அக்கா முகக்கவசத்தை இறக்கிவிட்டு வேலியடியில் முழங்காலில் குந்தினா. நானும் அம்மாவும்தான் இருந்தபடி இருந்தோம்.

அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். இன்னொருதரம் அசைந்தது, அது தொள்ளாயிரமோ என்னவோ. பிறகு நின்றது.

நான் பிறந்ததில் இருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. தூக்கணாங்குருவியின் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒருத்தரும் எண்ணவில்லை. அம்மா கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே இருந்தா. வாளியோடு ஒருத்தர் பற்றையை விலக்கிக்கொண்டு வந்தால் எப்படிப் பார்ப்பாவோ அப்படிப் பார்த்தா. பற்றை அசையவில்லை.

"கொப்பர் இனி வரமாட்டார் போல கிடக்கு," என்றா.

கரகரத்த குரல், ஆனால் குரல். முன்னால் எண் இல்லை. பின்னால் எண் இல்லை. நான் கேட்ட முதல் முழு வசனம் அதுதான். அதற்கு என்ன சொல்வது என்று நான் ஒருநாளும் யோசித்து வைக்கவில்லை.

"ஓம், அம்மா," என்றேன்.

அம்மா கதிரையில் இருந்து இறங்கினா, கும்பத்தை ஓரமாய்த் தள்ளி வைத்தா, பாயில் நிமிர்ந்து படுத்தா. செல்லை முதல்தரம் அப்போதுதான் பார்த்தா, ஒரு கொடியில் காய்கிற துணியைப் பார்க்கிற மாதிரி. வெயிலுக்குச் சீலைத் தலைப்பை இழுத்துக் கண்ணில் போட்டுக்கொண்டா. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அருமைநாயகம்தான் முதலில் தலையைத் தூக்கினார். தாடையில் மண்.

"என்ன பிள்ளை," என்றார் மெல்லிய குரலில், "விழுந்திட்டுதோ?"

"இல்லை. அம்மா நித்திரை."

அவர் மேலே பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். என்னை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விரலை வாயில் வைத்து, கிடந்த சனத்தைப் பார்த்து, "சத்தம் போடாதையுங்கோ, நித்திரையில எண்ணுறா," என்றார். சனம் ஒவ்வொருத்தராய் எழும்பியது, மண்ணைத் தட்டாமல், செருமாமல். கைப்பிள்ளை ஒன்று அழத் தொடங்க, அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு மதகைத் தாண்டி ஓடினா. தெருவில் பஸ் ஹோர்ன் அடிக்க வர, அருமைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்துபோய் இரண்டு கையையும் விரித்து மறித்தார். மாமி சாவிக் கொத்தை முந்தானையில் சுற்றிப் பிடித்தா. செல் நின்ற இடத்திலேயே நின்றது, அந்த வளவின் ஓரத்தால்தான் எல்லோரும் போக வேண்டியிருந்தது, ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை, பாயில் கிடந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, விரல் நுனியில் நடந்து போனார்கள்.